விழித்தெழுந்த மடிக்கணினியும் அறுந்துபோன இணைப்பும்



பங்காருபேட்டை ஜங்ஷனில் விடியற்காலை இரயிலுக்கு ஓடுகிறவர்களின் தோள்களைக் கவனித்திருக்கிறீர்களா? முன்பெல்லாம் அந்தத் தோள்களில் சாப்பாட்டுப் பையும் தண்ணீர்ப் பாட்டிலும் மட்டுமே தொங்கும். இன்றைக்கு அவற்றோடு கறுப்பு நிறத்தில் இன்னொரு பையும் தொங்குகிறது. மாரிக்குப்பத்திலிருந்தும் சாம்பியனிலிருந்தும் உரிகத்திலிருந்தும் வந்து சேருகிற நம் பிள்ளைகள், அந்தப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மாலூரையும் வைட்ஃபீல்டையும் தாண்டி ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நின்றுகொண்டே போகிறார்கள். பைக்குள் இருப்பது மடிக்கணினி. பல வீடுகளில் தாயின் நகையை அடகு வைத்து வாங்கியது அது.

2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, இந்த இரயில்தான் நமக்கு ஷிப்டு ஆயிற்று. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இரயிலும் நின்றது. அப்பொழுது வீட்டின் மூலையே அலுவலகம் ஆயிற்று. அன்று தொடங்கிய பழக்கம் பல குடும்பங்களில் இன்றும் ஓரளவு தொடர்கிறது. வாரத்தில் சில நாட்கள் பெங்களூரு, சில நாட்கள் வீடு. ஆகவே இணைய இணைப்பு அறுந்துபோவது நம்மில் அநேகருக்கு ஒரு பொழுதுபோக்குக் குறை அல்ல. அந்த நாளின் கூலியைத் தொடுகிற காரியம்.

கணினிகளைப் பழுதுபார்க்கிற தொழிலில் இருக்கிறவன் என்பதால், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து கேட்கிறவர்கள் உண்டு. கேட்கப்படுகிறவற்றில் முதலிடம் எப்பொழுதும் ஒரே கேள்விக்குத்தான். "அண்ணே, மூடி வைத்தேன், கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தேன், எல்லாம் வருகிறது, நெட் மட்டும் வரவில்லை." சிலர் இதற்காகக் கடைக்குப் போய்ப் பணம் கொடுத்து, புதிதாக வைஃபை கார்டு போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். அடுத்த வாரம் அதே குறையோடு திரும்பி வருகிறார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு ஒரு பைசாவும் செலவில்லாமல் தீரக்கூடிய காரியம் இது என்பது என் அனுபவம். அதனால்தான் இந்த மாதம் இதைப் பற்றியே எழுதலாம் என்று எண்ணினேன்.

மூடியைச் சாத்தினால் மடிக்கணினி அணைந்துபோவதில்லை, உறங்குகிறது. நீங்கள் திறந்து வைத்திருந்த கடிதம், கணக்குத் தாள், எல்லாவற்றையும் நினைவகத்தில் பிடித்துக்கொண்டு, அந்த நினைவகத்துக்கு மட்டும் சிறிதளவு மின்சாரத்தைக் கொடுத்து, திரை, வட்டு, வைஃபை ஆகிய மற்ற உறுப்புகளை ஓய்வுக்கு அனுப்பிவிடுகிறது. பாட்டரியைச் சேமிக்க வைஃபை உறுப்பின் மின்சாரத்தையும் நிறுத்துகிறது. மறுபடியும் மூடியைத் திறக்கும்போது எல்லா உறுப்புகளும் ஒரே நேரத்தில் கண்விழிக்க வேண்டும். திரை உடனே விழித்துக்கொள்ளும். வைஃபைதான் சில வேளைகளில் தடுமாறும்.

தடுமாறுவதற்குக் காரணம் அந்த உறுப்பு கெட்டுப்போனதாகவே இருக்க வேண்டியதில்லை. நம் கன்வென்ஷன் கூட்டங்களில் வெளிதேசத்துப் பிரசங்கியார் ஆங்கிலத்தில் பேச, பக்கத்தில் நின்று ஒரு சகோதரர் தமிழில் சொல்லுவாரே, அவரை நினைத்துக்கொள்ளுங்கள். கணினிக்கும் வைஃபை உறுப்புக்கும் நடுவே அப்படி ஒரு மொழிபெயர்ப்பாளர் உண்டு. டிரைவர் என்று அதற்குப் பெயர். பிரசங்கியாருக்கும் குறையில்லை, சபையாருக்கும் காது கேட்கிறது. நடுவில் நிற்பவர் அயர்ந்துபோனால் செய்தி எப்படிப் போய்ச் சேரும்? உறக்கத்திலிருந்து எழுந்த கணினியில் வைஃபை அடையாளமே காணாமற்போயிருந்தால், பெரும்பாலும் அயர்ந்திருப்பவர் இந்த டிரைவர்தான்.

இன்னொரு விதமும் உண்டு. வைஃபை அடையாளம் இருக்கிறது, இணைந்திருப்பதாகவும் காட்டுகிறது, ஆனால் ஒரு பக்கமும் திறப்பதில்லை. இதைத் தங்கவயல் குடும்பங்களுக்கு விளக்குவது எளிது. சுரங்கத்தில் இறங்குகிறவனுக்கு எண் பொறித்த வில்லை ஒன்று உண்டல்லவா? கீழே இருப்பவன் யார், மேலே வந்துவிட்டவன் யார் என்ற கணக்கு அந்த வில்லையைக் கொண்டுதான். வீட்டில் இருக்கும் ரவுட்டர் பெட்டியும் தன்னிடம் வருகிற ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண்ணைக் கொடுக்கிறது. அதையும் என்றைக்குமாகக் கொடுப்பதில்லை, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே கொடுக்கிறது. உங்கள் கணினி நெடுநேரம் உறங்கிவிட்டால் அந்த எண் வேறொரு கைபேசிக்குப் போயிருக்கலாம். அல்லது காலையில் வைட்ஃபீல்டு அலுவலகத்தில் வாங்கிய எண்ணோடு இரவில் ஆண்டர்சன்பேட்டை வீட்டில் கண்விழிக்கலாம். அந்த வாசலின் வில்லை இந்த வாசலில் செல்லாது. புதிதாகக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரணமாகக் கணினி தானாகவே கேட்டுக்கொள்ளும். கேட்கத் தவறுகிற நேரங்களில்தான் நமக்குத் தொல்லை. வைஃபையின் விவரப் பக்கத்தில் ஐ.பி. முகவரி 169.254 என்று தொடங்குமானால், கேட்டும் கிடைக்கவில்லை, அதனால் கணினி தானே ஒரு எண்ணை வைத்துக்கொண்டது என்று பொருள். வெளியே போக அந்த எண் உதவாது.

மூன்றாவது காரணம்தான் நம் ஜனங்களிடத்தில் மிகுதி. அதை அநேகர் அறியாதிருக்கிறார்கள். நம் வீடுகள் பலவற்றில் ரவுட்டர் பெட்டி கிடையாது. கைபேசியின் ஹாட்ஸ்பாட்தான் இணையம். மடிக்கணினி உறங்கியவுடனே அது கைபேசியை விட்டுப் பிரிந்துவிடுகிறது. "என்னோடு ஒருவரும் இணைந்திருக்கவில்லையே" என்று கைபேசி சில நிமிடங்கள் பார்த்துவிட்டு, தன் பாட்டரியைக் காப்பாற்ற ஹாட்ஸ்பாட்டைத் தானாக அணைத்துவிடுகிறது. பிறகு நீங்கள் கணினியை எழுப்பி, அதைத் தட்டி, அணைத்து, வைது என்ன பயன்? கணினியில் குற்றமே இல்லை. அது தேடுகிற வாசல் பூட்டியிருக்கிறது.

எங்களுக்குத் தெரிந்த ஒரு தகப்பனார் சுரங்கத்தில் வேலை செய்தவர். அது மூடப்பட்ட பிறகு பெங்களூரில் காவலாளியாக இரவுப் பணி பார்த்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். அவருடைய மகளுக்கு ஒரு நிறுவனத்தின் நேர்காணல் இணையத்தின் வழியாக நடந்தது. வரவேற்புத் திரையில் காத்திருக்கும்படி சொல்லியிருந்தார்கள். அரைமணி நேரம் போயிற்று. பிள்ளை தன் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கணினியை யாரும் தொடவில்லை, அது உறங்கிவிட்டது. அவள் நிமிர்ந்து பார்த்து எழுப்பியபோது இணைப்பு இல்லை. தாயார் உடனே முழங்கால்படியிட்டு, சத்துருவின் தடையை உரத்த சத்தமாய்க் கடிந்துகொள்ளத் தொடங்கினார்கள். தகப்பனார் எனக்குத் தொலைபேசியில் பேசினார். பின்னால் தாயாரின் ஜெபச் சத்தம், நடுவே மகளின் அழுகை.

"கணினியை விடுங்கள் ஐயா, அவளுடைய கைபேசியில் ஹாட்ஸ்பாட் எரிகிறதா, பாருங்கள்" என்றேன். எரியவில்லை. அதைப் போட்டார்கள். கணினியில் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னேன். இரண்டு நிமிடத்துக்குள் இணைந்தது. காத்திருந்தவர்கள் தயவாகவே பேசினார்களாம். வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். அந்த வேலை கிடைக்கவில்லை. அனுபவம் போதாது என்று பதில் எழுதினார்கள். சில மாதங்கள் கழித்து வேறொரு இடத்தில் சேர்ந்தாள். இன்று அதே இரயிலில்தான் போய்வருகிறாள்.

அந்தத் தாயாரின் ஜெபத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. பிள்ளைக்காக முழங்காலில் நிற்கிற தாய் நம் சபைகளின் பலம். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். "இது பிசாசின் கிரியை" என்று வீட்டில் ஒருவர் சொன்னவுடனே, அந்தப் பிள்ளையின் கைகள் முன்னிலும் அதிகமாக நடுங்கத் தொடங்கின. ஒரு பொத்தானில் தீருகிற காரியம், ஆவிக்குரிய யுத்தமாகப் பெரிதாயிற்று. காரணம் தெரிந்த காரியத்துக்குக் காரணத்தைச் சொல்லுவது அவிசுவாசம் என்று நினைக்கிறவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். நான் அவர்களோடு உடன்படவில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் இருபதாம் அதிகாரத்தில் ஐத்திகு என்ற வாலிபன் நடு இரவுப் பிரசங்கத்தில் தூங்கி, மூன்றாம் மெத்தையிலிருந்து விழுந்தான். பவுல் தூக்கத்தைக் கண்டித்து ஒரு பிரசங்கம் செய்ததாக வேதம் சொல்லவில்லை. படியிறங்கிப் போய் அவனை அணைத்துக்கொண்டார். கலங்கி நின்றவர்களின் கலக்கத்தை அடக்கினார். பின்பு மேலே வந்து அப்பம் பிட்டு, விடியுமட்டும் பேசினார். வீட்டில் ஒரு பிள்ளை பதறும்போது, முதலாவது பதற்றத்தை அடக்குகிறவர் ஒருவர் வேண்டும்.

(கணினியின் உறக்கத்தையும் விசுவாசியின் உறக்கத்தையும் ஒப்பிட்டுப் பிரசங்கம் செய்கிற ஊழியர்களைக் கேட்டிருக்கிறேன். நல்ல ஒப்பனைதான். ஆனால் பிரசங்கம் முடிந்த பிறகும் அந்தச் சகோதரியின் கணினியில் நெட் வரவில்லையே!)

சரி, காரியத்துக்கு வருவோம். நெட் வராவிட்டால் என்ன செய்வது?

முதலாவது, வீட்டில் வேறொரு கருவியில் இணையம் வருகிறதா என்று பாருங்கள். கைபேசியிலும் வராவிட்டால் கணினியைத் தொடவே வேண்டாம். குறை ரவுட்டரிலோ வெளியே வருகிற கம்பியிலோ இருக்கிறது. நம் பகுதியில் மின்சாரம் போய்வருகிற நாட்களில் இது சகஜம். மடிக்கணினிக்குப் பாட்டரி உண்டு, ரவுட்டருக்கு இல்லை. மின்சாரம் வந்தாலும் ரவுட்டர் எழுந்து நிற்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் நாம் பொறுமை இழந்துவிடுகிறோம். 1902-ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்த ஊர் இது. பெங்களூரு நகரத்துக்கு அது வந்தது 1905-இல்தான். அப்படிப்பட்ட ஊரில் இன்று ரவுட்டருக்குப் பாட்டரி தேட வேண்டியிருக்கிறது என்பது வேறு விஷயம். ஆயினும் ரவுட்டருக்கென்றே விற்கப்படுகிற சிறிய பாட்டரிப் பெட்டி ஒன்றை வாங்கி வைப்பது வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு வீண் செலவு அல்ல.

கைபேசியில் இணையம் வந்து கணினியில் மட்டும் வராவிட்டால், திரையின் கீழ் மூலையில் இருக்கும் வைஃபை அடையாளத்தைத் தொட்டு அணைத்து, பத்து எண்ணிவிட்டு மறுபடியும் போடுங்கள். விமானத்தின் படம் போட்ட பொத்தானை அழுத்தி எடுத்தாலும் அதே பலன்தான். பழைய வில்லையைக் கீழே போட்டுப் புதியதைக் கேட்க இது போதும். பல நேரங்களில் காரியம் இங்கேயே முடிந்துவிடும்.

முடியாவிட்டால் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரீஸ்டார்ட் என்றே சொல்லுகிறேன். ஷட் டவுன் அல்ல. இரண்டும் ஒன்றுதானே என்று எண்ணாதிருங்கள். 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, சீக்கிரம் திறக்கவேண்டும் என்பதற்காக, ஷட் டவுன் செய்யும்போது கணினி தன் உள் நிலையின் ஒரு பகுதியை வட்டில் எழுதி வைத்துக்கொண்டு, மறுபடியும் போடும்போது அதையே எடுத்துக்கொள்ளுகிறது. அயர்ந்துபோன டிரைவர் அயர்ந்தபடியே திரும்பி வர அதனால் இடமுண்டு. ரீஸ்டார்ட் ஒன்றுதான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். "மூன்று தடவை ஆஃப் செய்து போட்டுவிட்டேன் அண்ணே" என்று வருகிறவர்களிடம் நான் செய்கிற முதல் வேலை இதுவே. அவர்கள் கண்முன்னே நெட் வந்துவிடும்போது அவர்கள் முகத்தில் மகிழ்ச்சியும் கொஞ்சம் கோபமும் சேர்ந்து தெரியும்.

ஒவ்வொரு முறை உறங்கி எழும்போதும் இதே தொல்லை வருமானால், தற்காலிக வைத்தியம் போதாது. ஸ்டார்ட் பொத்தானின்மேல் சுட்டியின் வலது விசையை அழுத்தினால் டிவைஸ் மேனேஜர் என்ற வரி தெரியும். அதில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதை விரித்து, வைஃபை என்றோ வயர்லெஸ் என்றோ எழுதியிருக்கிற பெயரைத் திறந்தால் பவர் மேனேஜ்மென்ட் என்ற பக்கம் இருக்கும். மின்சாரத்தைச் சேமிப்பதற்காக இந்த உறுப்பைக் கணினி அணைத்துவிடலாம் என்று அங்கே ஒரு அனுமதி குறியிடப்பட்டிருக்கும். அந்தக் குறியை எடுத்துவிடுங்கள். பாட்டரி சற்று விரைவாகக் குறையலாம். ஆனால் வைஃபை எழுந்திருக்கத் தடுமாறாது. சில புதிய கணினிகளில் இந்தப் பக்கமே காணப்படாது. அவை வேறு முறையில் உறங்குகிறவை. அவற்றில் டிரைவரைப் புதுப்பிப்பதே வழி. அதையும் கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்தே எடுங்கள். தேடும்போது முதலில் வந்து நிற்கிற "இலவச டிரைவர்" விளம்பரங்களைத் தொடவேண்டாம் என்று மிகவும் கேட்டுக்கொள்ளுகிறேன். அவற்றால் வந்த நஷ்டத்தைச் சீர்செய்யவே எனக்குப் பல சனிக்கிழமைகள் போயிருக்கின்றன.

நம்மில் பலரும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய மடிக்கணினிகளை வாங்குகிறோம். அதில் வெட்கமில்லை, அலுவலகங்களில் உழைத்து வந்த நல்ல உழைப்பாளிகள் அங்கே கிடைக்கின்றன. ஆனால் பழைய கணினியில் புதிய விண்டோஸை ஏற்றிக் கொடுக்கும்போது, வைஃபைக்கு ஏதோ ஒரு பொதுவான டிரைவரைப் போட்டுவிடுவது உண்டு. வேலை செய்யும், உறங்கி எழுந்தால்தான் குறை வெளிப்படும். ஆகையால் வாங்குகிற இடத்திலேயே, உங்கள் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, மூடியைச் சாத்தி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து திறந்து பாருங்கள். ஹாட்ஸ்பாட் அணைந்துபோகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் நல்ல கணினியைக் குறை சொல்லிவிடுவீர்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

ஹாட்ஸ்பாட்டைப் பயன்படுத்துகிறவர்கள் கைபேசியின் ஹாட்ஸ்பாட் பக்கத்துக்குள் போய், தானாக அணைந்துபோகும் ஏற்பாட்டை நிறுத்திவிடலாம். ஆண்ட்ராய்டு கைபேசிகள் பெரும்பாலானவற்றில் அது உண்டு. ஐபோன் வைத்திருப்பவர்கள் கணினி இணையும்வரை பெர்சனல் ஹாட்ஸ்பாட் பக்கத்தைத் திறந்தபடியே வைத்திருக்க வேண்டும்.

நிறுவனம் கொடுத்த மடிக்கணினியாக இருந்தால் மேலே சொன்ன ஏற்பாடுகளில் கைவைக்காதீர்கள். அது உங்களுடையது அல்ல. வைஃபையை அணைத்துப் போடுவது, ரீஸ்டார்ட் செய்வது, இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நெட் வந்த பிறகும் அலுவலகக் கோப்புகள் திறக்காவிட்டால், வி.பி.என். என்கிற தனி வழி உறக்கத்தில் மூடிக்கொண்டிருக்கும். கடவுச்சொல்லைக் கொடுத்து மறுபடியும் அதற்குள் போக வேண்டும். அதற்கும் மிஞ்சினால் நிறுவனத்தின் உதவிப் பிரிவைக் கூப்பிடுங்கள். கூப்பிட்ட நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுவதும் நல்லது. வேலை செய்யவில்லை என்று பின்னால் ஒரு சொல் வரும்போது அந்தக் குறிப்பு உங்களுக்காகப் பேசும்.

இரயிலில் போய்வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மூடியைச் சாத்தி அப்படியே பைக்குள் வைக்காதீர்கள். சில கணினிகள் பைக்குள்ளேயே பாதி விழித்துக்கொண்டு சூடாகிவிடும். கூட்டத்தில் நெருக்கி நிற்கையில் முதுகில் அந்தச் சூடு தெரியும். வீட்டுக்குப் போய்த் திறந்தால் பாட்டரியும் தீர்ந்திருக்கும். ஹைபர்னேட் என்று ஒரு நிலை உண்டு. திறந்து வைத்த வேலைகளையெல்லாம் வட்டில் எழுதிவிட்டு முழுவதும் அணைந்துபோகும். பவர் பொத்தான் பட்டியலில் அது காணப்படாவிட்டால், கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, ஜூம் வழியாகச் சங்கிலி ஜெபம் நடத்துகிற போதகர்களும் வாலிபர் தலைவர்களும் கவனிக்க: கூட்டத்தைத் தொடங்கி வைத்த கணினியின் இணைப்பு போனால் எல்லாருக்கும் தடுமாற்றம். இரவு ஜெபத்துக்கு முன்பு சார்ஜரைச் சொருகி, செட்டிங்ஸில் பவர் பகுதிக்குப் போய், மின்சாரத்தில் இருக்கும்போது உறங்கவேண்டாம் என்று மாற்றி வையுங்கள். வேறொரு சகோதரரையும் துணை நடத்துநராகச் சேர்த்துவிடுங்கள். அவர் வேறு வீட்டில், வேறு இணைப்பில் இருப்பவராக இருக்கட்டும். விடிந்தபின் அந்த ஏற்பாட்டைப் பழையபடி மாற்றிவிட்டு, கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் படுக்கப் போங்கள்.